ஒரு வகுப்பு குறைவு

கல்லூரி வளாகத்தில் அவளுடைய படம் பதினொரு இடங்களில் இருந்தது. முதன்மை வாசலுக்கு இடப்புறம் ஆள் உயரத்துக்கு ஒன்று. நூலகத்து மாடிப்படித் திருப்பத்தில் ஒன்று. சேர்க்கைக் கையேட்டின் முன்னட்டையில் ஒன்று; உள்ளே நான்காம் பக்கத்திலும் பதினாறாம் பக்கத்திலும் ஒவ்வொன்று. கல்லூரிப் பேருந்துகள் மூன்றின் பின்புறம். முதல்வர் அறைக்கு வெளியே விருந்தினர் உட்காரும் இடத்தில். விளையாட்டு அரங்கின் வாசலில். பதினொன்றாவது, சாப்பாட்டுக் கூடத்தின் சுவரில்.

எல்லாப் படத்திலும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வேறு வேறு நிறத்தில், வேறு வேறு முகவெட்டில் மூன்று பேர் அவள் தோளில் கைபோட்டோ, அவள் புத்தகத்தை எட்டிப் பார்த்தோ நின்றார்கள். கீழே, "இங்கே எல்லோரும் ஒரே குடும்பம்" என்று இருக்கும்.

மாணவர்கள் அவளுக்கு வைத்த பெயர் போஸ்டர்.

"ஏய் போஸ்டர், சுவத்துலேருந்து எப்ப இறங்கினே?"

"பசை காஞ்சுபோச்சு. அதான் இறங்கிட்டேன்."

வாய்க்கு வாய் பதில் வைத்திருந்தாள். அதற்கு மேல் யாரும் அவளிடம் பேசியதில்லை.

சேர்க்கைப் பதிவேட்டில் அவள் எண் 418. தந்தை லாரி ஓட்டுநர். மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். தாய் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படுக்கை விரிப்பு மடிப்பவர். ஓர் அண்ணன், வெல்டிங் வேலை. ஊர் ஒன்றரை நாள் ரயில் பயணம். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அன்று படித்துக்கொண்டிருந்தவர்கள் 1,342 பேர். நான்கைந்து இனத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். அவளைப் போல நல்ல கறுப்பு நிறமும், தலையோடு ஒட்டிய சுருள் முடியும் உள்ள அவளுடைய இனத்தில், அவள் ஒருத்திதான். வருகைப் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்ததால் இந்த எண்களை என்னால் சொல்ல முடிகிறது. மற்றவற்றை அவளே பிற்பாடு சொல்லிக் கேட்டேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பத்திரண்டு மேசைகள். யார் எங்கே உட்கார வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆனாலும் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு இனத்தாருக்கும் ஒரு பகுதி என்று படிந்துவிடும். நடுவில் பெரும்பான்மையினர். ஜன்னல் ஓரம் பூனைக்கண் உடைய வெளுத்த பிள்ளைகள். வடக்குச் சுவரை ஒட்டி, சிறிய கண்களும் நேர் முடியும் உள்ளவர்கள். ஓர் ஆண்டு ஒருவர் எழுந்துபோனால் அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் அதே சாயலில் இன்னொருவர் இருப்பார். இவளுக்கு என்று மேசை இல்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் பை வைக்கிற மேசை ஒன்று உண்டு. பைகளை ஒதுக்கிவிட்டு அதன் முனையில் சாப்பிடுவாள்.

முதலாண்டு ஜூலையில் அவளைச் செய்தித் தொடர்பு அதிகாரி கண்டுபிடித்தார். சேர்க்கை வரிசையில் நின்றவளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு எந்தத் துறை? சரியான முகம்" என்றாராம். பிறகு மூன்று பேரைத் தேடிச் சேர்த்தார். ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு பூனைக்கண்ணன். வடக்குச் சுவரிலிருந்து ஒரு கண்ணாடிக்காரன். நடு மேசைகளிலிருந்து ஒரு பெண். அவளை எல்லோரும் நெட்டை என்பார்கள். நான்கு இனம், நான்கு முகம்.

கல்லூரிக்குச் சொந்தமாகப் போட்டோக்காரர் இல்லை. வெளியிலிருந்து ஒருவர் திங்களும் வியாழனும் மட்டும் வருவார். காலை பத்திலிருந்து பதினொன்றரை வரைதான் முன்படிக்கட்டில் வெளிச்சம் சரியாக விழும் என்பது அவர் கணக்கு. திங்களும் வியாழனும் பத்து மணிக்குத்தான் இவளுக்கு வேதியியல் லேப். கருவிகளைக் கொடுத்து முடித்து, பத்தரைக்கு ஆசிரியர் வருகை எடுப்பார். அதற்கு முன்பே ப்யூன் வாசலில் வந்து நிற்பார்.

"நாலு ஒண்ணு எட்டு. படம்!"

"போங்க மகாராணி," என்பார் ஆசிரியர். "ஆசிட் காத்துக்கிட்டிருக்கும்."

விளையாட்டுக் குழுவில் இருப்பவர்களும் பேச்சுப் போட்டிக்குப் போகிறவர்களும் வகுப்பைத் தவறவிட்டால் அவர்களுக்கு ஓ.டி. சீட்டு உண்டு. கல்லூரி வேலையாகப் போனார் என்று பொறுப்பாளர் கையெழுத்திட்டால் அந்த நாள் வருகையாகிவிடும். முதல் தடவையே அவள் கேட்டாள். "சில்லறை சில்லறையா எதுக்கும்மா? கடைசியில மொத்தமா போட்டுத் தரேன்" என்றார் அதிகாரி. அவள் நம்பினாள். அந்த ஆண்டு பிப்ரவரி வரை பதினேழு முறை அழைத்தார்கள். பதினேழு முறை போனாள்.

மற்ற மூவருக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருந்தது. ஆனால் அவர்களுக்கு ஒரு நாள்கூடக் குறையவில்லை. காரணம் எளிது. அவர்கள் எண்ணைக் கூப்பிடும்போது அவர்கள் சாயலில் பின்வரிசையில் இருக்கும் இன்னொருவர் "ப்ரெசன்ட் சார்" என்று குரல் கொடுத்துவிடுவார். ஆசிரியர் தலையை நிமிர்த்திப் பார்த்தாலும் அந்த நிறத்தில், அந்த முடியில் ஒரு முகம் தெரியும். அது போதும். இவளுக்கு யார் குரல் கொடுப்பது? கொடுத்தாலும் எந்த முகத்தைக் காட்டுவது? 418 என்று கூப்பிட்டால் அந்த அறையில் இருக்க வேண்டிய முகம் ஒன்றே ஒன்று.

நெட்டையோடு பழக்கம் ஏற்பட்டது மூன்றாவது படத்தின்போது. படிக்கட்டில் நால்வரையும் உட்காரவைத்துவிட்டு, போட்டோக்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"சிரிங்கம்மா. இயல்பா சிரிங்க. ரொம்ப நாள் சிநேகிதம் மாதிரி."

"சொன்னா எனக்குச் சிரிப்பு வராதுண்ணே," என்றாள் நெட்டை. "பல்வலிக்காரி மாதிரி இருக்கும்."

இவள் உதடு அசையாமல் சொன்னாள்: "அவரு சட்டையைப் பாரு. ஒரு பட்டனைத் தள்ளிப் போட்டிருக்காரு. மேல ஒரு பட்டன் அனாதையா நிக்குது."

நெட்டை வெடித்துச் சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்து இவளும் சிரித்தாள். முதன்மை வாசலில் ஆள் உயரத்துக்கு வைத்தது அந்தப் படத்தைத்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நெட்டை தட்டோடு வந்து பை மேசையில் எதிரே உட்கார்ந்தாள். நடு மேசையிலிருந்து அவளுடைய ஆட்கள் குரல் கொடுத்தார்கள்.

"என்னடி, படத்துக்கு ஒத்திகையா?"

"ஆமாண்டி, உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டா எனக்குச் செரிக்கல!" என்றாள் நெட்டை திரும்பாமலே.

அதன்பின் செவ்வாயும் வெள்ளியும் இருவரும் அங்கேதான் சாப்பிட்டார்கள். நெட்டை நிறையப் பேசுவாள். அவளுடைய அத்தை மகளைப் பற்றி, அவர்கள் வீட்டுச் சண்டைகளைப் பற்றி. இவள் தன் அம்மா விரிப்பு மடிக்கும் வேகத்தைக் கையால் செய்து காட்டுவாள். நாற்பத்திரண்டு மேசைகளில் இரண்டு இனத்தார் சேர்ந்து உட்கார்ந்த மேசை அது ஒன்றுதான். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

பிப்ரவரி ஆறாம் தேதி வருகைக் குறைவுப் பட்டியலை ஒட்டினேன். அதில் பதினான்கு பேர். ஒன்பதாவது எண் 418. அன்று மதியமே என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, என் எண்ணு தப்பா வந்திருக்கு."

நான் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். அதுவரை நடந்த லேப் வகுப்புகள் 56. அவள் வந்தது 36. வராதது 20. அதில் ஜுரம் இரண்டு நாள். அறையிலேயே படுத்துவிட்டதால் மருத்துவச் சீட்டு இல்லை. ரயில் தாமதமாகி ஒரு நாள். மீதி பதினேழு.

"தேர்வுக்கு இன்னும் பத்து வாரம் இருக்கே ஐயா. ஒரு நாள் விடாம வந்துடறேன்."

"இன்னும் இருபது வகுப்பு இருக்கும்மா. அத்தனைக்கும் வந்தா ஐம்பத்தாறு. மொத்தம் எழுபத்தாறு வகுப்புல முக்கால் பங்கு வேணும். ஐம்பத்தேழு."

விரலால் மேசையில் எழுதிப் பார்த்தாள். மறுபடியும் எழுதினாள்.

"ஒண்ணுதானே குறையுது?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்கா ஒரு வருஷம்?"

விதி அப்படித்தான். லேப்பில் வருகை குறைந்தால் தேர்வு எழுத முடியாது. அந்த ஆண்டை மறுபடி படிக்க வேண்டும். மறுபடி படிப்பவர்களுக்கு ஹாஸ்டல் இடம் கிடையாது. ஹாஸ்டல் இல்லாமல் அந்த ஊரில் தங்க அவளுக்கு ஒருவரும் இல்லை. ஆகவே ஒரு வகுப்பு என்பது, அவளுக்கு, வீட்டுக்குப் போகும் ரயில்.

அன்று மாலை அம்மாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அம்மா திட்டவில்லை. "கவலைப்படாதடா கண்ணு. எங்க சலவைப் பிரிவுல ஒரு இடம் காலியா இருக்கு. மேஸ்திரி அக்காகிட்ட சொல்லிவைக்கிறேன். நாம ரெண்டு பேரும் ஒரே ஷிப்டுல போகலாம்" என்றாராம். திட்டியிருந்தால் தேவலை என்று அவள் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் செய்தித் தொடர்பு அதிகாரியைப் பார்க்கப் போனாள். ஓ.டி. சீட்டு எழுதினால் பதிவேட்டிலும் அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் நானும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அறை நிறைய அவள் படங்கள், சுருட்டியும் விரித்தும்.

"சார், பதினேழு வேண்டாம். ஒரே ஒரு சீட்டு போதும்."

"ஒண்ணோ பதினேழோ, எழுத்துல வந்தா வந்ததுதாம்மா," என்றார். கெட்ட மனிதர் அல்ல. அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். "மார்ச்ல மதிப்பீட்டுக் குழு வருது. அவங்களுக்குக் குடுத்த அறிக்கையில முப்பத்தோராம் பக்கம் பாரு. நானே வாசிக்கிறேன். 'இப்படங்கள் மாணவர்களின் அன்றாட வாழ்வில் இயல்பாக எடுக்கப்பட்டவை. எந்த மாணவரும் படத்துக்காக அழைக்கப்படவில்லை.' முதல்வர் கையெழுத்துப் போட்டிருக்கார். இப்ப நான், இந்தத் தேதியில, இந்தப் பொண்ணை, வகுப்புலேருந்து படத்துக்குக் கூப்பிட்டேன்னு சீட்டு எழுதினா என்ன ஆகும்?"

"நிஜம் ஆகும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டைப் பார்த்தேன். அவரிடம் கையெழுத்து வாங்காமலே திரும்பினோம்.

போட்டோக்காரரிடம் ஒரு பழுப்பு நோட்டு இருந்தது. ஒழுங்கான மனிதர். ஒவ்வொரு படத்துக்கும் தேதி, மணி, இடம், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் எண்கள் எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போடுவார். வியாழக்கிழமை அவள் அவரிடம் போய் அதைக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போம்மா. நகல் எடுத்துட்டுத் திருப்பிக் குடு. நான் எழுதினதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எங்கெல்லாம் 418 இருந்ததோ அங்கெல்லாம் பக்கத்தில் 227, 305, 391. 391 நெட்டையின் எண்.

"அண்ணே, என்னைத் தனியா எடுத்த படம் ஒண்ணாவது இருக்கா?"

"உன்னைத் தனியா எடுத்தா அவங்களுக்கு என்னம்மா பிரயோஜனம்?"

நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். ஒருத்தர் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்ததா எழுத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ப்ராக்ஸியா? ரெண்டு வருஷம் நீக்கம். குரல் கொடுத்தவருக்கும் அதேதான்."

"குரல் கொடுத்தவங்களுக்குமா?"

"ஆமா. யாரும்மா?"

"யாரும் இல்ல ஐயா. சும்மா பொது அறிவுக்கு."

எனக்குப் புரிந்தது. ஆனால் என் கையில் எந்தத் தாளும் வரவில்லை. வராததை நான் பதியவில்லை.

நெட்டையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் யோசிக்கவே இல்லை. "குடுத்துடு. நகல் எடுத்து அவர் மேசையில போடு. எனக்கு வர்றதை நான் பாத்துக்கறேன்."

"உனக்குப் பதினேழு நாளும் ப்ரெசன்ட் சொன்னது யாரு?"

சொன்னது அதே வகுப்பில் படிக்கும் அத்தை மகள். அவளுக்கு அடுத்த மாதம் ஒரு பெரிய நிறுவனத்தில் பகுதிநேர வேலைக்கு நேர்காணல் இருந்தது.

"அப்ப அவளும் போவா," என்றாள் இவள். "அப்புறம் உங்க வீட்டுச் சண்டையில என் பேரும் வரும். வேண்டாம்டி."

வழியைக் கடைசியில் அதிகாரியே கண்டுபிடித்தார். வருகைச் சலுகைக்கு விதிப்புத்தகத்தில் ஒன்பது காரணங்கள் உண்டு. நோய், நெருங்கிய உறவினர் மரணம், வெள்ளம் என்று போகும். ஒன்பதாவதை முந்தைய ஆண்டுதான் சேர்த்திருந்தார்கள்: 'வேற்று இன, வேற்றுச் சூழல் மாணவர், பிறருடன் பழக இயலாமையால் வகுப்புக்கு வராதிருத்தல்.' அதைக் காட்டி முதல்வர் ஐந்து வகுப்பு வரை மன்னிக்கலாம். இவளுக்கு வேண்டியது ஒன்று.

தாள் என் மேசைக்கு வந்தது. அவள் நின்றபடியே வாசித்தாள். 'நான் சக மாணவர்களுடன் பழக இயலாத மனநிலையில் இருந்ததால் வகுப்புகளுக்கு வரவில்லை என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.' அதன் கீழே ஒரு நிபந்தனை. பத்து வாரமும் ஹாஸ்டல் வார்டன் வாரம் ஒரு அறிக்கை தர வேண்டும். அதில் மூன்று கட்டம்: தனித்திருக்கிறார், ஓரளவு பழகுகிறார், நன்கு பழகுகிறார். மூன்றாவது கட்டத்தில் ஒரு முறை குறி விழுந்தாலும், காரணம் பொய் என்று கருதிச் சலுகை ரத்து.

"ஐயா, படத்துல பழகிக்கிட்டே இருந்ததாலதான் வகுப்புக்கு வரல. இதுல பழக முடியாம வரலன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா."

"இந்தத் தாளை எத்தனை வருஷம் வெச்சிருப்பீங்க?"

"மாணவர் கோப்பு. நிரந்தரம்."

"அப்ப கையெழுத்தை நல்லாவே போடணும்," என்றாள். போட்டாள். நன்றாகத்தான் போட்டாள். தேதி பிப்ரவரி 15.

அடுத்த திங்கள் ப்யூன் வழக்கம்போல லேப் வாசலில் வந்து நின்றார்.

"நாலு ஒண்ணு எட்டு. படம்!"

"எனக்கு யார்கூடவும் பழக வராதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேண்ணே. பழகுற மாதிரி படம் எடுத்தா சட்டப்படி தப்பு. சார்கிட்ட சொல்லிடுங்க."

லேப் முழுக்கச் சிரித்தது. ஆசிரியர்கூட ஒரு குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரும் அவளைப் படத்துக்குக் கூப்பிடவில்லை. எடுத்தவையே போதுமான அளவு இருந்தன.

வார்டன் நேர்மையான பெண்மணி. அதுதான் சங்கடமாகிவிட்டது. முதல் நாளே அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இதோ பாரும்மா, எனக்கு உன்மேல ஒரு கோபமும் இல்ல. ஆனா பாக்கறதைத்தான் எழுதுவேன். நீ அந்த நெட்டைப் பொண்ணுகூட உக்காந்து சிரிச்சுக்கிட்டிருந்தா நான் தனித்திருக்கிறாள்னு எழுத மாட்டேன்."

"பத்து வாரம்," என்று நெட்டையிடம் சொன்னாள் இவள். "பத்தே பத்து வாரம் என் பக்கத்துல வராதே."

"உனக்கென்ன பைத்தியமா?"

"கூடத்துல வேண்டாம். மொட்டைமாடியில, துணி காயப்போடற நேரத்துல பேசலாம். நூலகத்துக்குப் பின்னாலயும்..."

"திருட்டுத்தனமா பேச நான் என்ன உன் காதலனா? மேசையில உக்காந்துதானே பேசினோம். அதுக்கே எங்க ஆளுங்ககிட்ட எவ்வளவு பேச்சு வாங்கியிருப்பேன் தெரியுமா? இப்ப நானே ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தா, அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும்."

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால் பேச்சு அத்தோடு நின்றது.

வார அறிக்கைகள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு என்னிடம் வரும். முதல் வாரம், தனித்திருக்கிறார். இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் அதே. காலையில் எல்லோருக்கும் முந்திக் குளித்து, லேப் திறக்குமுன் வாசலில் நிற்பாள். மாலையில் அறைக்குப் போவாள். அறையில் உடனிருந்த இருவர் தங்களுக்குள் பேசுவார்கள். வளாகத்தில் எங்கே திரும்பினாலும் அவள் முகமே சிரித்துக்கொண்டு நிற்கும், பக்கத்தில் நெட்டை. பேருந்து திரும்பினால் அதன் பின்னாலும். தலையைக் குனிந்தபடி நடக்கப் பழகிவிட்டாள். ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "வேண்டாத சொந்தக்காரி மாதிரி எங்க போனாலும் எதிர்ல வந்து நிக்கிறா" என்று தன் படத்தைக் காட்டிச் சொன்னாளாம்.

ஐந்தாம் வாரம் மதிப்பீட்டுக் குழு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மையார் சுவரில் இருந்த படத்தையும், பை மேசையில் தனியே இருந்த அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"நீதானே அது? உன் சிநேகிதிங்கல்லாம் எங்கே?"

நெட்டை நாலு மேசை தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். செய்தித் தொடர்பு அதிகாரி அம்மையாருக்குப் பின்னால் நின்றார். வார்டன் வாசலில் நின்றார்.

"லேப்ல இருக்காங்க மேடம்," என்றாள். அந்த வாரமும் முதல் கட்டத்தில்தான் குறி.

ஏழாம் வாரம் வெள்ளிக்கிழமை மதியம் நெட்டை தட்டை எடுத்துக்கொண்டு நேராக வந்தாள். பைகளைத் தள்ளினாள். எதிரே உட்கார்ந்தாள். கூடம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாசலில் வார்டன், கையில் நோட்டுடன்.

"எழுந்துக்காதே," என்றாள் நெட்டை. "எழுந்தா அவ்வளவுதான்."

"இன்னும் மூணு வாரம்டி."

"எனக்கு இன்னிக்கே பேசணும். எங்க அத்தை பொண்ணு போன மாசமே வேலை வாங்கிட்டா. அதை ஒரு வார்த்தை சொல்லக்கூட எனக்கு ஆள் இல்ல. உக்காரு."

"வார்டன் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ரெண்டு பேரு சாப்பிடறதைத்தானே பாக்கறாங்க."

இவள் தட்டை எடுத்தாள். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. எழுந்து, இரண்டு மேசை தள்ளி, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பின்னால் யாரோ கைதட்டினார்கள். நெட்டை சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த மேசையிலேயே இருந்தாள். அது ஏறத்தாழ இருபது நிமிடம்.

சனிக்கிழமை அறிக்கையில், தனித்திருக்கிறார் என்ற கட்டத்தில் குறி போட்டு, பக்கத்தில் வார்டன் தம் கையால் எழுதியிருந்தார்: 'தேடி வந்தவரையும் தவிர்த்தார்.'

இருபது வகுப்புக்கும் வந்தாள். 56. மன்னித்த ஒன்றைச் சேர்த்து 57. தேர்வு எழுதினாள், லேப்பில் நூற்றுக்கு எழுபத்தொன்று. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள், தட்டை எடுத்துக்கொண்டு அவளாகவே நடு மேசைக்குப் போனாள். அந்தப் பக்கம் அவள் போனது அதுவே முதல் முறை. நெட்டையின் இருபுறமும் அவளுடைய ஆட்கள். ஒரு பக்கத்தில் அத்தை மகள்.

"என் அறிக்கை முடிஞ்சுபோச்சு," என்றாள்.

நெட்டை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னோடது முடிஞ்சுபோச்சு. அன்னிக்கு நீ எழுந்து போனதை எல்லாரும் பாத்தாங்க. 'பாத்தியா, அவங்க இனமே அப்படித்தான்'னு இன்னிக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்காங்க. நான் என்ன பதில் சொல்ல?"

"நிஜத்தைச் சொல்லேன்."

நெட்டை பக்கத்தில் இருந்த அத்தை மகளைப் பார்த்தாள். அத்தை மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தம்ளரைக் கீழே வைக்கவே இல்லை.

"எப்படிச் சொல்றது?" என்றாள் நெட்டை.

யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. நின்றபடி சாப்பிட முடியாதே, திரும்பிவிட்டாள். அடுத்த இரண்டு ஆண்டுகளும் பை மேசையில்தான் சாப்பிட்டாள். நெட்டை எதிரில் வந்தால் தலையசைப்பாள், இவளும் அசைப்பாள். பட்டம் வாங்கும்போது வகுப்பில் ஆறாவது இடம்.

ஒரு நகரத்தின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. சேரும்போது அவர்கள் கல்லூரிக் கோப்பின் நகலைக் கேட்டார்கள். கேட்டால் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டும். ஒரு தாளைக்கூட எடுக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு பக்கம். எல்லாவற்றையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் 'அசலுக்குச் சரி' என்று ஒப்பமிட்டு அனுப்பியவன் நான்தான். ஒன்பதாம் காரணத் தாளும் பத்து அறிக்கைகளும் அதில் போயின.

பரிசோதனைக் கூடத்தில் பதினாறு பேர் ஒரே நீண்ட மேசையில் வேலை செய்வார்களாம். அவளை மட்டும் மாடியில் தனி அறையில் போட்டார்கள். குழுவோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு ஏற்றவர் அல்ல என்று நியமன ஆணையிலேயே குறித்திருந்தார்களாம். கீழேயிருந்து தண்ணீர்ப் புட்டிகள் ஒரு சிறிய மின்தூக்கியில் மேலே வரும். முடிவைத் தாளில் எழுதி அதிலேயே கீழே அனுப்ப வேண்டும். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாததால் அவளை அங்கிருந்து மாற்றவும் இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து ஒரு சான்றிதழ் நகலுக்காக அவள் போன் செய்தபோது இதையெல்லாம் சொன்னாள்.

"மாத்திக் கேட்டிருக்கலாமேம்மா," என்றேன்.

"கேட்டேன் ஐயா. கோப்பைக் காட்டினாங்க. என் கையெழுத்துதான் இருக்கு." பிறகு அவளே தொடர்ந்தாள். "பரவாயில்ல ஐயா. நல்ல அறை. ஜன்னல் இருக்கு."